மயிலம்மாளின் முறை வியாழக்கிழமை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டாக்டர். உங்கள் ஆஸ்பத்திரிக் கேண்டீனில் கோப்பி நன்றாக இருக்கிறது. சீனியை மட்டும் ஒரு கரண்டி குறைக்கச் சொல்லுங்கள். அங்கே வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்கு இனிப்புநீர் வியாதி.

நீங்கள் இரண்டு தாள் கொடுத்து, "அங்கிள், நடந்ததை ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க, மேலிடத்துக்கு அனுப்பணும்" என்றீர்கள். இரண்டு தாள் போதாது. அதனால் என் பழைய செக்ரோல் புத்தகத்திலேயே எழுதுகிறேன். தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று மண்டோர் பதிகிற புத்தகம் இது. பின்பக்கம் முழுவதும் காலியாக இருக்கிறது. முன்பக்கத்தில் இருப்பதுதான் நீங்கள் தேடுகிற பட்டியல்.

என் பெயர் சன்னாசி. வயது அறுபத்தாறு. லாபு பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன், அதில் பத்தொன்பது வருடம் மண்டோர். விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, உனக்கு இந்த நிரை, உனக்கு அந்த நிரை என்று வேலை பிரித்துக் கொடுப்பேன். பத்தொன்பது வருடத்தில் இரண்டு பேர் ஒரே நிரையில் போய் முட்டிக்கொண்டதே இல்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

ஓய்வு பெற்ற பிறகும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். பெயர் கூப்பிட ஆள் இல்லை. ஒரு நாள் என் மனைவி மயிலம்மாளின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "வீட்டுல இருக்கறதே ரெண்டு பேரு, இதுக்குப் பெரட்டு ஒரு கேடா" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒழுங்கில்லாத பெண் என்று அவளைச் சொல்ல முடியாது. காலை நேரத்தில் கொஞ்சம் வாய் அதிகம்.

எங்கள் தோட்டத்தில் முன்பு சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது, டிரஸர் ஒருவர் இருந்தார். எந்த வியாதிக்கும் இரண்டு கலர் தண்ணீர் மருந்துதான். ஆனால் போன உடனே கொடுப்பார். தோட்டம் கைமாறியதும் அதை மூடிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் இப்போது உங்கள் அவசரப் பிரிவுதான் கதி.

போன வருடம் குதிகாலில் செம்பனை முள் ஏறி உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பச்சை நம்பர் கொடுத்தார்கள், அவசரமில்லாத கேஸ் என்று அர்த்தம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவனை மாலை நாலரைக்குக் கூப்பிட்டார்கள். அதற்குள் முள் தானாகவே வெளியே வந்து, அதை நான் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னை அனுப்பிவிட்டார்.

அதற்கு அடுத்த மாதம் டுரியான் பருவம். ஏழு சுளை சாப்பிட்டேன், மயிலம்மாள் கணக்கில் பதினொன்று. ஏப்பம் ஒன்று நெஞ்சில் வந்து சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. முகப்பில் இருந்தவரிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "இங்க அடைக்குது" என்றேன். அவ்வளவுதான். சக்கர நாற்காலி வந்தது. சிவப்புப் பகுதிக் கதவு திறந்தது. நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தர் சட்டைப் பித்தானைக் கழற்றி ஒயர் ஒட்டினார், இன்னொருத்தர் ரத்தம் எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம். ஒயர் ஒட்டும்போதே ஏப்பம் வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு படுத்திருந்தேன்.

முள்ளுக்கு ஆறரை மணி நேரம், ஏப்பத்துக்கு ஏழு நிமிடம். இதில் ஏதோ முறை இருக்கிறது, அது நம் ஆட்களுக்குத் தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்வது குற்றமா, டாக்டர்? நீங்களும் படித்ததைத்தான் செய்கிறீர்கள்.

முதல் வகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெரட்டுக் களத்திலேயே நடந்தது. பதினேழு பேர் வந்தார்கள். விரலால் இங்கே அங்கே என்று சுட்டிக் காட்டாதீர்கள் என்று முதலில் சொன்னேன். விரல் காட்டினால் பச்சை நம்பர்தான். கையை மூடி நெஞ்சு நடுவில் வைக்க வேண்டும். இடது தோள் கொஞ்சம் தொங்க வேண்டும். பேச்சு பாதியில் நிற்க வேண்டும். வேர்வைக்குப் பூச்செடிக்குத் தெளிக்கிற பாட்டில், அர்ச்சுனன் ஓட்டுகிற வான் வண்டியிலிருந்து இறங்கும் முன் நெற்றியில் இரண்டு தடவை. தர்மேந்திரன் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினான். "அது ஈரல்டா, நெஞ்ச புடி" என்றேன். அர்ச்சுனன் தொப்பென்று தரையில் விழுந்து காலை உதறினான். விழக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். விழுந்தால் தூக்குகிற பிள்ளைகளுக்கு முதுகு போய்விடும். அடுத்தவருக்குச் சிரமம் கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

மயிலம்மாள் பின்வரிசையில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இந்த வயசுல நாடகம் வேற" என்றாள். ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைத்தேன்.

முதல் வாரம் குழப்பம். திங்கட்கிழமை ஒரே நாளில் ஆறு பேருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆறு பேரும் ஒரே வானில் வந்து இறங்கி ஒரே மாதிரி கையை மூடினால் எப்படி இருக்கும்? அர்ச்சுனன் வானை நிறுத்திவிட்டு வருவதற்குள் முகப்பில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டாராம். அன்றைக்குத்தான் பட்டியல் போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கு மேல் கிடையாது. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் போகக் கூடாது. வான் சரியாக இரண்டு மணிக்குக் கிளம்பும். ஞாயிறு ஓய்வு.

சொல்கிற வார்த்தையையும் நாளுக்கு நாள் பிரித்துக் கொடுத்தேன். திங்கள், நெஞ்சில் யானை மிதிக்கிறது. செவ்வாய், அரிசி மூட்டை. புதன், கயிறு கட்டி இறுக்குகிறது. வியாழன், செம்பனைக் குலை விழுந்த மாதிரி. வெள்ளி, சனிக்கு அவரவர் இஷ்டம். அதில்தான் தவறு வந்தது. அர்ச்சுனன் ஒரு சனிக்கிழமை, "நெஞ்சுல எம்மாமியா உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்று சொல்லி, அவன் மாமியார் கூடவே வந்திருந்ததால் பெரிய ரகளையாகிவிட்டது.

பலன் இருந்தது என்பதை நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். உள்ளே போய்ப் படுத்த பிறகு, டாக்டர், அப்படியே இந்த முட்டியையும் பாருங்களேன் என்று சொன்னால் யார் மாட்டேன் என்கிறார்கள்? ரோகினியின் தும்மல் நின்றது. மூன்று பேருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரிந்தது. அர்ச்சுனன் தன் ஈசிஜி தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். "என்னோடது எப்புடி ஏறி ஏறி எறங்குது பாரு. ஒன்னோடது செத்த பாம்பாட்டம் கெடக்கு" என்று தர்மேந்திரனிடம் பீற்றிக்கொண்டான். தர்மேந்திரன் அடுத்த தடவை நல்லதாக ஒன்று எடுத்து வர ஒயர் ஒட்டியிருக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறான்.

எனக்கு இதில் ஒரு காசு வரவில்லை. வந்தது மரியாதைதான். கோயிலில் பிரசாதம் கொடுக்கும்போது, "மண்டோருக்கு மொதல்ல குடுங்க லா" என்று நாலு பேர் சொன்னார்கள். ஐந்தரைக்கு எழுந்து பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். வாழ்க்கையில் எனக்கு அத்தனை சந்தோஷமான மாதங்கள் இருந்ததில்லை.

மூன்றாம் மாதம் நீங்கள் அந்தப் பிரிவுக்கு வந்தீர்கள், டாக்டர் மாதவி. ஒரு புதன்கிழமை ரோகினி வாயைத் திறக்கும் முன்பே, "அக்கா, எந்தத் தோட்டம்? இன்னைக்குப் புதன்தானே, கயிறா?" என்று கேட்டீர்களாம். "ஆமாங்க டாக்டர், எப்புடிக் கண்டுபுடிச்சீங்க?" என்று அவள் வாயைப் பிளந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "அந்த டாக்டரு பொல்லாத கெட்டிக்காரி லா" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் பதறவில்லை. சந்தேகம் இருந்தாலும் நெஞ்சு என்று ஒருவர் சொல்லிவிட்டால் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும், அது உங்கள் விதி. அந்த விதி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஒரே ஒரு தடவை மனதுக்குச் சங்கடமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை. ராசா ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சீனர் தனியாக வந்து சுவரோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லை. முகம் சாம்பல் நிறம். அன்றைக்கு அர்ச்சுனனுக்கு முறை, ஈசிஜி மெஷின் அவன் நெஞ்சில் இருந்தது. நான் மேற்பார்வைக்கு வந்திருந்தேன். பாவம், இவருக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை போலிருக்கிறதே என்று பக்கத்தில் போய், கொஞ்சம் வேர்த்தால்தான் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று மலாயில் ரகசியமாகச் சொன்னேன். அவருக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நல்லா இருக்கு, அப்படியே இருங்கள் என்று தட்டிக் கொடுத்தேன். மிஸ்ஸி உமா அவரைப் பார்த்ததும் ஓடி வந்து, அர்ச்சுனன் மேலிருந்த ஒயர்களைப் பிடுங்கி அவருக்கு ஒட்டினார். நெஞ்சு முடி பிய்ந்து வந்துவிட்டது என்று அர்ச்சுனன் ஒரு வாரம் புலம்பினான். அந்தச் சீனர் பிழைத்துக்கொண்டார் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் நம் பட்டியலில் உள்ள ஆள் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

இனி நீங்கள் கேட்ட செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பட்டியலில் வழக்கம்போல் இரண்டு பேர். முதல் ஆள் தர்மேந்திரன், கால் கட்டைவிரல் நகம் உள்ளே வளர்ந்திருந்தது. இரண்டாவது ஆள் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். மயிலம்மாளுக்கு முட்டி வலி. அவளை வியாழக்கிழமைக்குப் போட்டிருந்தேன். மண்டோர் பெண்டாட்டி என்பதற்காக முன்னால் போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

மதியம் ஒன்றே கால் இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"ஏங்க, என்னமோ மாதிரி இருக்குங்க."

"என்ன மாதிரி?"

"தெரியல. தாடைய இழுக்குது. முதுகுல என்னமோ அடைச்ச மாதிரி இருக்கு. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மூன்று மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். தாடையாம், முதுகாம். யானையும் இல்லை, குலையும் இல்லை. கை நெஞ்சுப் பக்கமே போகவில்லை.

"வியாழக்கிழமைக்குப் பழகுறியா மயிலு? நல்லது. ஆனா தாடையில ஆரம்பிக்காத. பல்லு டாக்டர்கிட்ட அனுப்பிருவாங்க. நெஞ்சுல ஆரம்பி. கைய மூடு."

"பழகலைங்க. நெசமாவே முடியல."

"ஆங், இது சரி. இப்படித்தான் சொல்லணும். கொஞ்சம் இழுத்துச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. பாட்டில் அலமாரியில் இருந்தது, அவள் தொடவே இல்லை. பாட்டில் இல்லாமல் வேர்க்க வைத்த ஆள் எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் கிடையாது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் நான் சொல்லிக் கொடுத்த ஒன்றை அவள் இத்தனை நன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"இன்னைக்குச் செவ்வாய், மயிலு. ஒன் முறை வியாழக்கிழமை."

"வான்ல எடம் இல்லியா?"

"ரெண்டு பேரு இருக்காங்க."

"தர்மேந்திரன் ஒண்ணு. இன்னொண்ணு யாரு?"

"அர்ச்சுனன்" என்றேன்.

"அவருகிட்ட மாத்திக் கேளுங்களேன். நான் வியாழக்கிழமை அவருக்கு விட்டுக் குடுக்குறேன்."

"அப்படி ஆளாளுக்கு மாத்திக்கிட்டே இருந்தா அப்புறம் பட்டியல் எதுக்கு?"

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. இஞ்சி தட்டிப் போட்டுச் சுடுதண்ணீர் கொடுத்தேன். தலையணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கோயில் கூட்டம் இருக்கிறது, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் போன பிறகு அவள் என்ன செய்தாள் என்பதை ரதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ரதி எங்கள் மகள், நீலாயில் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மயிலம்மாள் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் என் செருப்பு, அப்படியே ரோட்டுக்கு நடந்து போய்ச் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியை மறித்திருக்கிறாள். மில்லுக்குப் போக வேண்டிய லாரி அது. அந்த டிரைவர் யாரோ வங்காளத்துப் பையன், ஒரு பாஷையும் சரியாக ஒத்து வராது. அவள் முகத்தைப் பார்த்ததும் குலையோடு லாரியைத் திருப்பி, உங்கள் அவசரப் பிரிவு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் இரண்டு குலை உருண்டு விழுந்து, அதற்குக் காவலாளி சத்தம் போட்டிருக்கிறார்.

முகப்பில் அவளிடம் எந்தத் தோட்டம் என்று கேட்டார்கள். சொன்னாள். அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். நீங்களே எழுந்து வந்து, "அம்மா, நெஞ்சு வலியா?" என்று கேட்டீர்கள்.

"இல்லங்க டாக்டர். நெஞ்சு வலி எனக்கு வியாழக்கிழமதான். இன்னைக்குத் தாடைதான் வலிக்குது" என்றாள்.

எங்கள் தோட்டத்திலிருந்து வந்து நெஞ்சு வலி இல்லை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். நீங்கள் அவளை உட்காரக்கூட விடவில்லை. முகப்பிலேயே ஒயர் ஒட்டினீர்கள். தாள் வெளியே வர வர உங்கள் குரல் மாறியது. "சிவப்புல கட்டில் வேணும், இப்பவே" என்று கத்தினீர்கள்.

உங்கள் குரல் மாறியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புப் பகுதியில் நான்காவது கட்டிலில், திரைக்குப் பின்னால், நெஞ்சில் ஒயரோடு படுத்திருந்தேன்.

ஆமாம், செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் இரண்டாவது பெயர் என்னுடையதுதான். அர்ச்சுனன் வான் ஓட்டினான், அவ்வளவுதான். எனக்கு ஒரு வாரமாக இடது காதில் குறுகுறுவென்று இருந்தது.

அந்த மாதத்தில் அது எனக்கு மூன்றாவது தடவை. ஒருவருக்கு மாதம் ஒரு தடவைதான் என்பது நான் போட்ட விதி. அதனால்தான் மயிலம்மாளிடம் அர்ச்சுனன் பெயரைச் சொன்னேன். ஏன் திரும்பத் திரும்ப வந்தேன் என்றால், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மிஸ்ஸி உமா போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, குனிந்து, "எங்க வலிக்குது அங்கிள்?" என்று கேட்பார். அத்தனை வேலைக்கு நடுவிலும் கேட்பார். அறுபத்தாறு வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, டாக்டர். மயிலம்மாளுக்கு என்னைக் கேட்க நேரம் இருந்ததில்லை. நானும் அவளைக் கேட்டதில்லை. அன்றைக்குக்கூட அவளாகத்தான் வந்து சொன்னாள்.

சிவப்பில் நான்கு கட்டில்கள். ஒன்றில் மோட்டார் விபத்தில் அடிபட்ட பையன். இரண்டில் மூச்சுத் திணறுகிற கிழவர். மூன்றில் தர்மேந்திரனின் நகம். நான்கில் என் காது. மிஸ்ஸி உமா வந்து, "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் எறங்குங்க, சீக்கிரம்" என்றார்.

தர்மேந்திரன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "மண்டோரே, அது மயிலு அக்கா கொரலு மாதிரி இல்ல?"

"பேசாத. ஒனக்கு நெஞ்சு வலி" என்றேன்.

அவள் குரல்தான் என்று எனக்குத் தெரியும். முதல் வார்த்தையிலேயே தெரியும். தாடை என்று அவள் சொன்ன உடனேயே போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன். ஆனால் இறங்கினால் திரைக்கு வெளியே போக வேண்டும். வெளியே போனால் அவள் என்னைப் பார்ப்பாள். கோயில் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்தவன், சட்டையில்லாமல், நெற்றியில் பாட்டில் தண்ணீரோடு அவள் முன்னால் எப்படி நிற்பது? எனக்குப் பயமாக இருந்தது. அதனால் மிஸ்ஸியிடம் முறையைப் பற்றிப் பேசினேன். முதலில் வந்தவர் முதலில் இறங்குவதுதானே ஒழுங்கு, தர்மேந்திரன் எனக்கு முன்னால் வந்தவன், என் தாள் இன்னும் மெஷினிலிருந்து முழுதாக வரவில்லை என்றேன். நியாயமான பேச்சுதான். சுவரில் கடிகாரம் இருந்தது. நான்கு நிமிடம் பேசினேன்.

அந்த நான்கு நிமிடமும் அவள் சக்கர நாற்காலியில், திரைக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் இருந்தாள்.

கடைசியில் தர்மேந்திரன் ஒயர்களைத் தானே பிய்த்துக்கொண்டு குதித்துவிட்டான். நகத்தில் இடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே போய், நாற்காலியை அவனே தள்ளி வந்தான். நான் இறங்கவில்லை. அவளை மூன்றாவது கட்டிலில் ஏற்றினீர்கள். கையில் ஊசி, மூக்கில் குழாய், ரத்தக் கட்டைக் கரைக்கிற மருந்து. யாரோ இடம் போதவில்லை என்று நடுத்திரையை இழுத்துத் தள்ளினார்கள்.

அவள் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள், என் நெஞ்சில் இருந்த ஒயர்களைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளுக்கு மூச்சே சரியாக வரவில்லை.

"ஐயையோ, ஒங்களுக்குமா?" என்றாள். "எங்கங்க வலிக்குது?"

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. "காது" என்றேன்.

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

அவள் பிழைத்துவிட்டாள். அதற்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம், டாக்டர். இதயத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் செத்துப்போய்விட்டது, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் அது மிஞ்சியிருக்கும் என்று நீங்கள் ரதியிடம் சொன்னீர்கள். ரதி அதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்று மட்டும் சொன்னாள்.

வார்டிலிருந்து விட்டதும் மயிலம்மாள் நேராக நீலாய்க்குப் போய்விட்டாள். தோட்டத்து வீட்டுக்கு வரவில்லை. துணிகளை எடுக்க ரதி வந்தபோது அம்மா ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். "பட்டியல்ல இருந்து எம்பேர அடிச்சிருங்கன்னு சொன்னாங்க" என்றாள். போன் செய்தால் ரதிதான் எடுக்கிறாள். "அம்மா தூங்குறாங்கப்பா." எப்போது கூப்பிட்டாலும் தூங்குகிறாள். லயத்தில் என்னோடு யாரும் பேசுவதில்லை. தர்மேந்திரன் மட்டும் எதிரில் வந்தால், "காது எப்புடி இருக்கு மண்டோரே?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். நேற்று ஐந்தரைக்கு எழுந்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். கேடு என்று சொல்லக்கூட ஆள் இல்லை. அழுகை வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு என் மேல் என்ன கோபம்? அவள் முறை இல்லாத நாளில் வந்தாள், நான் முறையைச் சொன்னேன். ஆக, சிக்கல் முழுவதும் பட்டியலில்தான் இருக்கிறது. பட்டியல் என் கையில் இருக்கிறது.

அதனால் இன்று காலை ஒரு திருத்தம் செய்தேன். முன்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக இரண்டாவது பெயரை அடித்துவிட்டு, மயிலம்மாள் என்று எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமைக்கு என் பெயரைப் போட்டுக்கொண்டேன். ஓரத்தில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன், செக்ரோலில் திருத்தினால் அப்படிச் செய்வதுதான் வழக்கம். இனி யார் எடுத்துப் பார்த்தாலும் அவள் தன் முறைப்படிதான் வந்திருக்கிறாள்.

அந்த முன்பக்கத்தை மட்டும் தயவுசெய்து ரதியிடம் காட்டுங்கள், டாக்டர். எல்லாம் சரி செய்தாகிவிட்டது. மயிலம்மாள் இனி வீட்டுக்கு வரலாம்.